கட்டைவிரல் காட்டினால் ‘சூப்பர்’ இல்லை!

என்ஜினை நிறுத்தியதும் படகு மெதுவாக ஆடி நின்றது. மணி காலை 7. மட்டக்களப்பு, கல்லடிக் கரையிலிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடல். அவள் படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். குண்டு கட்டி இறக்கியிருந்த கயிறு, கீழே போய்க்கொண்டே இருந்தது. வழக்கமாக ஏழெட்டு மீட்டர் தாண்டினால் கயிறு நீலத்தில் கரைந்துவிடும். அன்று கரையவில்லை. கண் எட்டும் வரை கயிறு தெரிந்தது.

“என்ன மகள், பயமா?” என்றார் படகோட்டி. அறுபதைத் தாண்டிய மீனவர்.

“இல்லைங்கய்யா. தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கே, அதான் பார்க்கறேன்.”

“ஓம். இப்பிடி ஒரு நாள் வருசத்தில நாலஞ்சு தரம் வந்தாப் பெரிசு. தெளிவான நாளையிலதான் கூடக் கவனமா இரிக்கணும்.”

வயதானவர்கள் எதற்கும் ஓர் எச்சரிக்கை சொல்வார்கள் என்று நினைத்து அவள் சிரித்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே படகில் கை நடுங்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வார்த்தைதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டி காலி செய்த ஊர்

அவளுக்கு 38 வயது. சென்னையில் வங்கி வேலை. நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். 30 வயதில், தோழிகளோடு புதுச்சேரிக்குப் போனபோது விளையாட்டாக ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டாள். அது விளையாட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் லீவைச் சேர்த்து வைத்து ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று ஆழமான டைவிங்குக்கான பயிற்சி வரை போய்விட்டாள். “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. கேட்காத ஒரே ஆள் பெரம்பூரில் இருக்கும் பாட்டி.

பாட்டிக்கு 90-ஐத் தாண்டிவிட்டது. நேற்று நடந்தது மறந்துபோகும், 1942 மறக்காது. “ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே காலியாச்சு. எங்கப்பா ரயில்வேல இருந்ததால அவருக்கு லீவு கிடையாது. அம்மாவையும் எங்க மூணு பேரையும் எழும்பூர்ல மாயவரம் ரயில்ல ஏத்திவிட்டாரு. ரயில் கிளம்புறப்போ அப்பா கையை ஆட்டலை. சும்மா நின்னுட்டே இருந்தாரு” என்று நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

பாட்டி சொன்னது 1942 ஏப்ரல். அந்த மாதம் 5-ம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியப் போர் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது மெட்ராஸ்தான் என்று பயம் பரவ, மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அப்போது இருந்த விலங்குக் காட்சிசாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பயந்த மாதிரி மெட்ராஸுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது, தெற்கே மட்டக்களப்புக் கடலில்.

அது அவளுக்குத் தெரியவந்தது, டைவிங் பயிற்சியில் யாரோ ஒரு போட்டோவைக் காட்டியபோது. கடலடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய கப்பல். ‘எச்.எம்.எஸ். ஹெர்மிஸ், 9 ஏப்ரல் 1942’ என்று கீழே எழுதியிருந்தது. தேதியைப் பார்த்ததும் அவளுக்கு எழும்பூர் ஸ்டேஷன் நினைவுக்கு வந்தது. பாட்டி ரயிலேறிய அதே வாரம்! என்றைக்காவது இந்தக் கப்பலைப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

விமானமே இல்லாத விமானந்தாங்கி

ஹெர்மிஸ் சாதாரணக் கப்பல் அல்ல. விமானம் ஏறி இறங்குவதற்கென்றே முதன்முதலாக வரைந்து வடிவமைக்கப்பட்ட கப்பல்களில் மூத்தது. அதற்கு முன்பு வேறு வேலைக்குக் கட்டிய கப்பல்களைத்தான் விமானந்தாங்கியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1918-ல் பிரிட்டனில் இதன் கட்டுமானம் தொடங்கியது. ஆனால், வேலை இழுத்துக்கொண்டே போய் 1924-ல்தான் கடற்படைப் பணிக்கு வந்தது. அதற்குள் ஜப்பான் தன்னுடைய ‘ஹோஷோ’ என்ற விமானந்தாங்கியைக் கட்டி, 1922 டிசம்பரிலேயே கடற்படைப் பணியில் சேர்த்துவிட்டது. 1942-ல் அதே ஜப்பானின் விமானங்கள்தான் ஹெர்மிஸை மூழ்கடித்தன.

ஏப்ரல் 8-ம் தேதி ஹெர்மிஸ் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தது. ஜப்பானியக் கப்பற்படை நெருங்குகிறது என்று தகவல் வந்ததும், துறைமுகத்தில் இருந்த கப்பல்களை இரவோடு இரவாக வெளியே அனுப்பினார்கள். ஹெர்மிஸும் அதற்குத் துணையாக ‘வேம்பயர்’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலும் கரையோரமாகத் தெற்கே போயின. அவசரத்தில் ஹெர்மிஸின் விமானங்கள் கரையிலேயே தங்கிவிட்டன. விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை!

மறுநாள் காலை திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று பார்த்துவிட்டது. காலை பத்தரை மணிக்கு மேல் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. சுமார் 20 நிமிஷம்தான். 182 மீட்டர் நீளக் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. கேப்டன் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவோடு சேர்த்து 307 பேர் இறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வேம்பயரும் மூழ்கியது. அந்தப் பக்கம் வந்த ‘வீட்டா’ என்ற மருத்துவமனைக் கப்பலை ஜப்பானியர்கள் தொடவில்லை. தண்ணீரில் தத்தளித்த சுமார் 600 பேரை அது காப்பாற்றியது.

தண்ணீரின் கணக்கு

ஹெர்மிஸ் கிடப்பது 53 மீட்டர் ஆழத்தில். இடது பக்கமாகச் சாய்ந்து கிடப்பதால், அதன் வலது விலாப்பக்கம் 42, 43 மீட்டரிலேயே தொடங்கிவிடும். இந்த எண்களில்தான் சிக்கல். சுற்றுலாவாக டைவிங் செய்கிறவர்களுக்கு உச்ச எல்லையே 40 மீட்டர். அதாவது, அந்த எல்லை முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஹெர்மிஸ் ஆரம்பிக்கிறது.

ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு. 50 மீட்டரில் அழுத்தம், தரையில் இருப்பதைப் போல 6 மடங்கு. நுரையீரலுக்குள் போகும் காற்றும் 6 மடங்கு அடர்த்தியாக இருக்கும். தரையில் ஒரு மணி நேரத்துக்கு வரும் சிலிண்டர் காற்று, அங்கே 10 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்.

அந்த நைட்ரஜன் இரண்டு விதத்தில் வம்பு செய்யும். ஒன்று, 30 மீட்டரைத் தாண்டியதும் மூளையை மயக்கும். லேசாகக் குடித்ததுபோல இருக்கும். சிலருக்குப் பயம் வரும், சிலருக்குக் காரணமே இல்லாமல் சந்தோஷம் வரும். சந்தோஷம் வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டு, அழுத்தத்தில் அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துவிடும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல உடம்புக்குள் குமிழ்களாக வெளியே வரும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம், மரணம் வரை போகலாம். அதனால், ஆழத்திலிருந்து வருகிறவர்கள் வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். கீழே இருக்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் மேலே வரும் வழியில் வட்டியோடு நேரம் கட்ட வேண்டும்.

இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்றைய திட்டத்தைத் தண்ணீருக்கு அடியில் எழுதும் சிறு பலகையில் அவளே எழுதியிருந்தாள். ‘அதிகபட்சம் 45 மீட்டர். 18-வது நிமிஷம் கிளம்ப வேண்டும். வழியில் நிற்க வேண்டிய நேரம் 28 நிமிஷம்.’ முதுகில் இரட்டை சிலிண்டர். விலாவில் ஆக்சிஜன் அதிகம் கலந்த வாயுவோடு இன்னொரு சிலிண்டர். அது மேலே வரும்போது, 21 மீட்டரிலிருந்து பயன்படுத்த. அதையே ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரும்.

கூட இறங்கும் வழிகாட்டி கல்லடிப் பையன். மீனவர் குடும்பம். போர்க் காலத்தில் இந்தக் கடலில் மீன்பிடிக்கவே கட்டுப்பாடுகள் இருந்தன. 2009-ல் போர் முடிந்த பிறகு வெளிநாட்டு டைவர்கள் வரத் தொடங்க, அவர்களுக்கு சிலிண்டர் தூக்கப் போனவன் தானும் கற்றுக்கொண்டான். “அக்கா, கப்பலில இருந்து ஒண்டும் எடுக்கக் கூடாது. உள்ளுக்குப் போகவும் கூடாது. அது கப்பல் இல்ல, மயானம்” என்று முதல் நாளே சொல்லியிருந்தான். “விரலைக் காட்டினா கேள்வி கேட்கக் கூடாது” என்றும் சொன்னான்.

தண்ணீருக்கு அடியில் பேச முடியாது, சைகைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் ‘நன்றாக இருக்கிறேன்’. கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகலாம்’. யார் காட்டினாலும், எதற்காகக் காட்டினாலும், பதிலுக்கு விரலைக் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு ‘சூப்பர்’ என்ற அர்த்தம் தரையில் மட்டும்தான்.

பக்கத்தில் இருப்பதுபோல...

மட்டக்களப்புக் கடலுக்கு இரண்டு முகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகளும் வாவியும் கொண்டுவந்து கொட்டும் சேற்றுத் தண்ணீரில் எதுவும் தெரியாது. மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கிய பிறகு வண்டல் படியும், கடல் தெளியத் தொடங்கும். அப்படியும் தினம் தினம் ஒரே மாதிரி இருக்காது. நீரோட்டத்தைப் பொறுத்து 10 மீட்டரும் தெரியலாம், 20 மீட்டரும் தெரியலாம்.

அன்று 10 மீட்டர் ஆழத்துக்குப் போனதும் அவள் கீழே பார்த்தாள். கப்பல் தெரிந்தது.

ஏதோ ஒரு நிழல் என்றுதான் முதலில் நினைத்தாள். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் நிழலுக்கு ஓரம் வந்தது, வளைவு வந்தது. 20 மீட்டரில் அது ஒரு தெருவின் நீளத்துக்குக் கிடந்தது. படம் பிடித்தவர்கள்கூடத் துண்டு துண்டாகத்தான் காட்டியிருந்தார்கள். அவளுக்கு ஒரே பார்வையில் பெரும்பகுதியும் கிடைத்தது. பக்கவாட்டில் படுத்து உறங்கும் ஒரு பெரிய மிருகம்போல, முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது ஹெர்மிஸ். அதன்மேல் சிறு மீன்கள் மேகம்போல நகர்ந்தன. அதைக் கிழித்துக்கொண்டு பாரைக் கூட்டம் ஒன்று போனது.

43 மீட்டரில் கப்பலின் விலாவுக்குப் பக்கத்தில் வந்தபோது, உலகத்தில் நீலத்தைத் தவிர வேறு நிறமே இல்லை. சிவப்பு மேலேயே தண்ணீரில் மறைந்துவிடும். டார்ச்சை அடித்தால் மட்டும், இரும்பில் ஒட்டி வளர்ந்திருந்த பவளங்கள் சிவப்பும் ஆரஞ்சுமாகத் துள்ளி எழுந்தன. மீனவர்கள் இழந்த வலைகள் அங்கங்கே தொங்கின. ‘கப்பல் கிடக்கிற இடத்துல மீனும் இரிக்கும், போட்ட வலையும் போகும்’ என்று படகோட்டி சொன்னது சரிதான். ஓர் ஓட்டையின் வாசலில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்போல ஒரு களவா மீன் அவளையே பார்த்தது.

கப்பலின் மேல்தளம், அதாவது விமானங்கள் ஓட வேண்டிய பாதை, இப்போது செங்குத்தான சுவராக நின்றது. அதன் ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள். கடல்தரை தெரிந்தது. வெள்ளை மணல். மணலோடு ஒட்டி நீளமாக ஒரு குழாய். பீரங்கியா, உடைந்து விழுந்த கம்பமா? ஹெர்மிஸில் 6 பெரிய பீரங்கிகள் இருந்ததைப் படித்திருக்கிறாள். இது அதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில்தான் இருக்கிறது. மாடிப்படியில் நாலு படி இறங்குவதுபோல. ஒரு நொடி பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இறங்கினாள்.

51

அந்த நேரத்தில் அவள் மனதில் பயம் இல்லை. உண்மையில், அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து நாளாகியிருந்தது. மூச்சுக் குமிழ்கள் மணிபோலச் சத்தமிட்டு மேலே போயின. சுவரில் இருந்த ஒவ்வொரு ஆணியும் அழகாகத் தெரிந்தது. ஆனால், குழாய் மட்டும் பக்கத்தில் வரவே இல்லை. அவள் இறங்க இறங்க அதே தூரத்தில் இருந்தது. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாம் கால் பங்கு அருகில் தெரியும் என்பது முதல் வகுப்புப் பாடம். கலங்கிய தண்ணீரில் அந்தப் பொய் கொஞ்ச தூரத்துக்குத்தான் செல்லும். தெளிந்த தண்ணீரில் அதற்கு எல்லையே இல்லை.

எதிரே வழிகாட்டி வந்து நின்றான். கட்டைவிரலை உயர்த்தினான்.

அவளும் கட்டைவிரலை உயர்த்தினாள். ‘சூப்பர்!’

சொல்லிவிட்டு மறுபடி கீழே திரும்பினாள். எட்டு வருஷப் பயிற்சி, நூற்றுக்கும் மேற்பட்ட டைவ்கள், ஆயிரம் தடவை கொடுத்து வாங்கிய சைகை. அந்த ஒரு நொடியில் அதன் அர்த்தம் அவள் தலையில் இல்லை. தம்பிக்கும் கப்பல் பிடித்திருக்கிறதுபோல என்று நினைத்ததுகூட அவளுக்கு நினைவிருக்கிறது.

‘டங்... டங்... டங்...’

அவன் கையிலிருந்த இரும்பால் சிலிண்டரில் தட்டினான். பிறகு அவள் தோள்பட்டையைப் பிடித்து, அவள் கையைத் தூக்கி, மணிக்கட்டில் இருந்த டைவ் கம்ப்யூட்டரை அவள் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தான். அந்த எண்களைப் படித்துப் புரிந்துகொள்ள அவளுக்குச் சில நொடிகள் பிடித்தன. 51 மீட்டர். 19-வது நிமிஷம். காற்று, கிளம்ப வேண்டிய அளவைவிடக் கீழே போயிருந்தது.

சந்தோஷம் அப்படியே பயமாகத் திரும்பியது. மூச்சு வேகமானது. வேகமாக மூச்சு விட்டால் காற்று இன்னும் வேகமாகத் தீரும், அதுவும் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவன் அவளை விடவில்லை. முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, தன் கையை மெதுவாக மேலே கீழே அசைத்தான். இழு... விடு... இழு... விடு. நாலைந்து மூச்சுக்குப் பிறகு அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். இந்த முறை சரியான அர்த்தத்தில்.

குழாய் அங்கேயே கிடந்தது. அது பீரங்கியா, கம்பமா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

37 நிமிஷம்

நிமிஷத்துக்கு 9 மீட்டர். அதற்கு மேல் வேகம் கூடாது. 35 மீட்டர் தாண்டியதும், யாரோ அறையில் விளக்கைப் போட்டதுபோல அவள் தலை தெளிந்தது. போதை போனதும் நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வர, வெட்கமாக இருந்தது. 21 மீட்டரில் விலாவில் இருந்த சிலிண்டருக்கு மாறினார்கள். அவன் அவளுடையதை இரண்டு முறை சரிபார்த்தான்.

கம்ப்யூட்டர் இப்போது 28-க்கு பதில் 37 நிமிஷம் காட்டியது. ஆறு மீட்டர் கூடுதல் ஆழம், இரண்டு நிமிஷத் தாமதம், அதற்கு 9 நிமிஷ அபராதம். அதில் பெரும்பகுதி 6 மீட்டர் ஆழத்தில். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்க வேண்டும். தலைக்கு மேலே படகின் அடிப்பகுதி தெரிகிறது. இரண்டு மாடி உயரம்கூட இல்லை. அங்கே காற்று இருக்கிறது, வெயில் இருக்கிறது. ஆனால், போகக் கூடாது.

குனிந்து பார்த்தாள். அத்தனை தூரத்திலிருந்தும் கப்பல் மங்கலாகத் தெரிந்தது.

இதே இடம். இதே தண்ணீர். 1942-ல் உயிர் தப்பியவர்கள் அவள் தலைக்கு மேலேதான் நீந்தியிருப்பார்கள். தப்பாதவர்கள் அவள் காலுக்குக் கீழே இருக்கிறார்கள். அவர்களுக்கு 20 நிமிஷம்தான் கிடைத்தது. தான் கீழே இருந்ததும் கிட்டத்தட்ட 20 நிமிஷம். அவர்களை அங்கே அனுப்பியது போர். தன்னை அங்கே அனுப்பியது எது? கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்து “சீக்கிரம் வந்துடும்மா” என்றது ஞாபகம் வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தாள்.

மேலே வந்து படகில் ஏறியதும் படகோட்டி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். தண்ணீர் போத்தலை நீட்டினார்.

“ஆழம் தெரியாமப் போயிட்டேங்கய்யா” என்றாள்.

“கலங்கின தண்ணியில எல்லாரும் பயந்து பயந்து இறங்குவாங்க மகள். தெளிஞ்ச தண்ணியிலதான் ஆள் போறது” என்றார். பிறகு என்ஜினைக் கிளப்பினார்.

மறுநாள் காலையும் ஒரு டைவ் திட்டத்தில் இருந்தது. அதற்குத்தான் லீவு, அதற்குத்தான் பணம். கரைக்கு வரும் வழியில் வழிகாட்டி தயங்கித் தயங்கிச் சொன்னான். “நாளைக்கு வேணாம் அக்கா. உடம்பு நல்லா இருந்தாலும் வேணாம். இன்னொரு தரம் வாங்க. கப்பல் எங்கயும் போகாது.”

அவள் ஒத்துக்கொண்டாள். தன்னைவிட 12 வயது சின்னவனிடம் “நன்றி தம்பி” என்று சொல்லும்போது தொண்டை அடைத்தது. “நீங்க எனக்கும் பதில் விரல் காட்டிட்டுத் திரும்பவும் கீழ போனீங்களே, அப்பதான் எனக்குக் கால் நடுங்கிச்சு” என்று அவன் சிரித்தான். அவன் கூடவே 51 மீட்டருக்கு இறங்கியிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனுக்கும் வீட்டில் காத்திருக்க ஆட்கள் உண்டு.

பாட்டி கேட்ட கேள்வி

சாயங்காலம் கல்லடிக் கடற்கரையில் உட்கார்ந்து வீடியோ கால் செய்தாள். இப்படிப்பட்ட டைவுக்குப் பிறகு 24 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்பதால், இன்னும் ஒரு நாள் அங்கேதான். மகள் விடுமுறைக்குப் பெரம்பூரில், கொள்ளுப்பாட்டி வீட்டில் இருந்தாள். போனை முதலில் பாட்டியிடம் கொடுத்தார்கள்.

“கப்பலைப் பார்த்தியாடி?”

“பார்த்தேன் பாட்டி. தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. முழுசாத் தெரிஞ்சுது.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம்னு கொஞ்சம் ஆழமாப் போயிட்டேன்” என்றாள்.

“முழுசாத் தெரிஞ்சுதுன்னு சொல்றே. தெரிஞ்சாப் போதாதா? தொட்டு வேற பார்க்கணுமா?”

அவளிடம் பதில் இல்லை. பாட்டியும் பதிலை எதிர்பார்க்கவில்லை. அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேர் செத்தாங்கன்னு சொன்னே?”

“307 பேர் பாட்டி.”

“எல்லாம் சின்னப் பசங்களா இருக்கும். நாங்க மாயவரத்துல இருந்தப்போ அப்பாகிட்ட இருந்து கடுதாசி வரவே இல்லை. அம்மா தினம் திண்ணையில உக்காந்து தபால்காரர் வர்ற தெருவையே பார்த்துட்டு இருப்பா. ஒரு நாள் கார்டு வந்துச்சு. ‘சௌக்கியம்’னு ஒரே வார்த்தை. அம்மா அதை ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு அழுதா. அந்தப் பசங்க அம்மாவெல்லாம் எத்தனை நாள் தெருவைப் பார்த்துட்டு உக்காந்திருந்தாளோ...”

கடல் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. கரையோரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற சிறுவர்களின் பாதங்கள்கூடத் தெரிந்தன.

போன் கைமாறியது. திரை முழுக்க மகளின் முகம்.

“அம்மா! கப்பல் எப்படி இருந்துச்சு? சூப்பரா?” என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவள் ஒரு நொடி அந்த விரலையே பார்த்தாள். பிறகு தன் கட்டைவிரலையும் உயர்த்தினாள்.

“ஆமாண்டா. மேலே வந்துட்டேன்.”